தெரிந்த பாட்டை பில்லி ஹாலிடே என்ன செய்தார்: ‘லேடி இன் சாட்டின்’ கேட்பதற்கு ஒரு முன்னுரை

அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் ‘லேடி இன் சாட்டின்’ ஆல்பத்தை முதல்முறை கேட்டபோது இரண்டாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். அவருடைய 1930களின் பாடல்கள் எனக்கு ஏற்கெனவே நெருக்கமானவை. துள்ளலும் குறும்புமாக, கிளாரினெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் நடுவே இன்னொரு வாத்தியம்போல் புகுந்து வெளியேறும் குரல் அது. அந்த நினைவோடு 1958இல் வந்த இந்த இசைத்தட்டைப் போட்டால், வயலின்கள் மெல்ல எழுந்து பரவுகின்றன. அவற்றின்மேல் வந்து அமர்கிற குரலோ வறண்டு, கரகரத்து, சில இடங்களில் சுருதியை எட்டவே சிரமப்படுகிறது. பாடும்போது அவருக்கு வயது 42. நம்ப முடியவில்லை. மனம் கனத்துப்போய் அணைத்துவிட்டேன்.

அதனிடம் திரும்பிப் போகச் சில ஆண்டுகள் பிடித்தன. போன பிறகுதான், முதல்முறை என் காதை அடைத்திருந்தது என்னுடைய இரக்கம் என்று புரிந்தது. இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் அநேகமாக அவருடைய துயரத்திலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள்: சிறை, போதைப்பொருள், மது, கொடுமையான ஆண்கள், கடைசியில் மருத்துவமனைக் கட்டில். அத்தனையும் நடந்தவைதாம். ஆனால் அவற்றை முன்னால் நிறுத்திக்கொண்டு கேட்டால், 25 ஆண்டுகளாகப் பாட்டையே தொழிலாகக் கொண்ட ஒரு கலைஞர் ஒவ்வொரு வரியிலும் எடுக்கிற முடிவுகள் காதில் விழாமல் போய்விடுகின்றன. அந்த முடிவுகள் காதில் விழ வேண்டும் என்றால் கொஞ்சம் பின்னணி தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காக.

ஆல்பத்தில் உள்ள 12 பாடல்களும் ‘ஸ்டாண்டர்ட்’ என்ற வகையைச் சேர்ந்தவை. ஜாஸ் கலைஞர்கள் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கிற பாட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். முன்பின் அறிமுகமில்லாத நான்கு பேர் ஓர் இரவு மேடையேறி, பாட்டின் பெயரையும் சுருதியையும் மட்டும் சொல்லிக்கொண்டு, ஒத்திகை இல்லாமல் வாசிக்கத் தொடங்கிவிடலாம். இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை 1920களுக்கும் 1950களுக்கும் இடையே அமெரிக்காவில் எழுதப்பட்டவை. பிராட்வே இசை நாடகங்கள், ஹாலிவுட் படங்கள், நியூயார்க்கின் பாட்டுப் பதிப்பகங்கள் ஆகியவை அவற்றின் பிறப்பிடங்கள். கோல் போர்ட்டர், ஜார்ஜ் கெர்ஷ்வின், இர்விங் பெர்லின், ரிச்சர்ட் ராஜர்ஸ், ஹோகி கார்மைக்கேல் போன்றோர் எழுதியவை. இவர்களில் பெரும்பாலோர் ஜாஸுக்காக எழுதவில்லை. ஜாஸ் கலைஞர்கள் தாங்களாகவே அவற்றை எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்துக்கொள்ள வசதியாக அவற்றின் கட்டமைப்பு இருந்தது. வழக்கமான பாட்டு 32 தாளக்கட்டுகள் கொண்டது. முதல் எட்டில் ஒரு மெட்டு. அடுத்த எட்டில் அதே மெட்டு, வேறு சொற்களோடு. மூன்றாவது எட்டில் மெட்டு வேறு திசைக்குப் போகும், அதைப் ‘பாலம்’ என்பார்கள். நான்காவது எட்டில் முதல் மெட்டு திரும்பி வரும். பல்லவிக்குத் திரும்புகிறபோது நமக்கு ஏற்படும் அந்த நிம்மதி இங்கேயும் உண்டு. இந்த அளவு எளிமையான, எல்லோருக்கும் தெரிந்த ஒரு வீடு கிடைத்துவிட்டால், பாடகர் அதற்குள் எந்தச் சாமானை எங்கே நகர்த்துகிறார் என்பது உடனே தெரிந்துவிடும். கேட்பவருக்கும் அசல் மெட்டு தெரியும். அதனால் விலகலின் ருசி தெரியும். தெரிந்த கீர்த்தனையை ஒரு வித்வான் எப்படி எடுக்கப்போகிறார் என்று முன்வரிசையில் காத்திருக்கிற ரசிகருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஆல்பத்தின் பாடல்கள் பிறந்த இடங்களைப் பாருங்கள். ‘இட்ஸ் ஈஸி டு ரிமெம்பர்’ 1935இல் ‘மிஸிஸிப்பி’ என்ற படத்தில் பிங் கிராஸ்பி பாடியது. ‘கிளாட் டு பி அன்ஹாப்பி’ 1936இல் மேடையேறிய ‘ஆன் யுவர் டோஸ்’ என்ற இசை நாடகத்தில் வருவது. ‘பட் பியூட்டிஃபுல்’ 1947இன் ‘ரோடு டு ரியோ’ என்ற நகைச்சுவைப் படத்துக்கானது. ‘யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்’ எழுதப்பட்டது அபட்–காஸ்டெல்லோ இணையின் சிரிப்புப் படம் ஒன்றுக்காக. அந்தப் படத்தில் அது இடம்பெறாமலே போனது. கோமாளிகளின் ஓட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையே பொருந்தாமல் விழுந்த அந்தப் பாட்டு, காதலின் கசப்பைச் சொல்லும் மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்றாக இன்று உலகமெங்கும் பாடப்படுகிறது.

காட்சியை இழந்ததால்தான் அது அங்கே போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். நாடகத்திலோ படத்திலோ இப்படிப்பட்ட பாட்டைப் பாடியவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஓர் உடை இருந்தது, கதையில் ஒரு காரணம் இருந்தது. அவையெல்லாம் உதிர்ந்த பிறகு மிஞ்சுவது ‘நான்’, ‘நீ’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. அகத்திணையில் வருகிறவர்களைப் பெயர் சுட்டிப் பாடக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்ததன் அருமை எனக்கு இந்தப் பாட்டுகளைக் கேட்கும்போதுதான் முழுமையாக விளங்கியது. பெயரில்லாத தலைவியின் இடத்தில் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். 1958 பிப்ரவரியில் அந்த இடத்தில் பில்லி ஹாலிடே வந்து நின்றார்.

அவர் நிற்பதற்கு 40 நிமிடம் கிடைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. பழைய 78 வேக இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் எல்பி இசைத்தட்டை அறிமுகப்படுத்திய பிறகு ஒரு பக்கத்தில் 20 நிமிடங்களுக்கு மேல் இடம் கிடைத்தது. ஒரே மனநிலையை ஆல்பம் முழுவதும் விரித்து வைக்கலாம் என்பதை 1950களில் பாடகர்கள் கண்டுகொண்டார்கள். ஃபிராங்க் சினாட்ரா பின்னிரவுத் தனிமையை மட்டுமே வைத்து 1955இல் ஓர் ஆல்பம் செய்தார். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1956இல் கோல் போர்ட்டரின் பாடல்களை மட்டும் எடுத்து இரட்டை எல்பியாகப் பாடி, பிறகு மற்ற இசையமைப்பாளர்களுக்கும் அதேபோல் தொகுப்புகள் செய்தார். எல்லாவின் குரலில் பாட்டு துடைத்து வைத்த வெண்கலப் பாத்திரம்போல் இருக்கும். மெட்டு எப்படி எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவரிடம் போகலாம். அந்த மெட்டுக்குள் குடியிருந்தவருக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்ள ஹாலிடேயிடம் வர வேண்டும்.

இந்த ஆல்பம் அவருடைய விருப்பத்தில் பிறந்தது. 1952 முதல் 1957 வரை நார்மன் கிரான்ஸின் தயாரிப்பில் சிறு ஜாஸ் குழுக்களோடு அவர் பாடிவந்தார். ரே எல்லிஸ் என்ற இசைக்கோர்ப்பாளரின் ‘எல்லிஸ் இன் வொண்டர்லேண்ட்’ என்ற வாத்திய இசை ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, இவர்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். வயலின்கள் மீது அவருக்கு நெடுநாள் ஆசை. 1944இல் டெக்கா நிறுவனத்தில் ‘லவர் மேன்’ பாட்டைப் பதிவு செய்யும்போதே, வயலின்கள் வேண்டும் என்று தயாரிப்பாளர் மில்ட் கேப்ளரிடம் மன்றாடியவர் அவர். கறுப்பினப் பாடகிகளுக்கு ஆர்க்கெஸ்ட்ரா அமர்த்துவது அன்று அரிது. ஆகவே, ‘வெள்ளைக்காரப் பாணி வயலின்களைக் கொண்டு அவருடைய பாட்டைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று சில ஜாஸ் ரசிகர்கள் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. தனக்குரிய மரியாதையாக அவரே கேட்டு வாங்கியவை அந்த வயலின்கள். ஆல்பத்தின் பெயரில் உள்ள சாட்டினும் அதுதான்: பளபளக்கும் உயர்ந்த துணி உடுத்திய சீமாட்டி.

தயாரிப்பு இர்விங் டவுன்சென்ட். இடம், நியூயார்க்கின் 30ஆவது தெருவில் இருந்த கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடம். முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம், உயர்ந்த கூரை, ஒலி அதற்குள் எழும்பி நிதானமாகத் திரும்பி வரும். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பம் அடுத்த ஆண்டு அதே கூடத்தில்தான் பதிவாயிற்று. வயலின்கள், செல்லோக்கள், ஹார்ப், பின்னணிப் பெண் குரல்கள் ஆகியவற்றோடு நல்ல ஜாஸ் கலைஞர்களும் அங்கே இருந்தார்கள்: பியானோவில் அவருடைய சொந்தப் பக்கவாத்தியக்காரர் மால் வால்டிரன், பேஸில் மில்ட் ஹின்டன், டிரம்ஸில் ஓஸி ஜான்சன், டிராம்போனில் ஜே. ஜே. ஜான்சனும் அர்பி கிரீனும், டிரம்பெட்டில் மெல் டேவிஸ்.

ஒலிப்பதிவுக் கூடம் அவருக்கு எவ்வளவு முக்கியமானது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு தகவல் வேண்டும். 1947இல் போதைப்பொருள் வழக்கில் அவர் சிறை சென்ற பிறகு, நியூயார்க்கில் இரவு விடுதிகளில் பாடுவதற்கான அனுமதி அட்டை பறிக்கப்பட்டது. மது விற்கும் விடுதி எதிலும் அவர் பாட முடியாது. ஜாஸ் பாடகிக்கு மேடை என்றால் பெரும்பாலும் அந்த விடுதிகள்தாம். தன்னை உருவாக்கிய நகரத்திலேயே, அரங்கக் கச்சேரிகளும் ஒலிப்பதிவுகளும் தவிர மற்ற கதவுகள் மூடியிருந்தன. அந்த நகரத்தின் நடுவில், பழைய தேவாலயம் ஒன்றில், நாற்பது சொச்சம் ஆண்டு வாழ்க்கையைச் சுமந்துகொண்டு மைக் முன்னால் அவர் வந்து நிற்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். பிறகு அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

எதைக் கேட்பது? குரல் வளத்தை என்றால் ஏமாற்றம்தான். ஆனால் ஹாலிடேயிடம் பெரிய குரல் என்றுமே இருந்ததில்லை. அவர் பாடும் எல்லை ஒரு ஸ்தாயியைச் சற்றுத் தாண்டினால் அதிகம். அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டும்படி முழங்குகிறவர் அல்லர் அவர். மைக் என்ற கருவியைக் காதோரம் பேசுவதற்கான வசதியாகப் புரிந்துகொண்ட முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். நேராகப் பாடுவது தனக்குப் பிடிக்காது என்றும், டிரம்பெட் வாசித்த லூயி ஆம்ஸ்ட்ராங்கைப்போல், சாக்ஸபோன் வாசித்த லெஸ்டர் யங்கைப்போல் குழல் ஊதுவதாகவே தனக்குத் தோன்றுகிறது என்றும் அவர் இளம் வயதிலேயே சொல்லியிருக்கிறார். 1958இல் அந்தக் குரலிலிருந்து போயிருந்தவை பளபளப்பும், நீண்ட மூச்சும், சுரத்தில் அசையாமல் நிற்கும் உறுதியும். போகாமல் இருந்தது காலம் பற்றிய உணர்வு. என் காதுக்கு அது முன்பைவிடக் கூர்மையாகவே ஆகியிருந்தது.

ஆர்க்கெஸ்ட்ரா சீரான தாளத்தில் போய்க்கொண்டிருக்கும். வரி தொடங்க வேண்டிய அடி வரும். அவர் தொடங்க மாட்டார். அடி கடந்துபோன பிறகு, யோசித்துப் பார்த்துச் சொல்வதுபோல் முதல் சொல் வரும். பிறகு நடுவில் இரண்டு சொற்களை இழுத்து, கடைசி மூன்று சொற்களை ஒரே மூச்சில் சரித்து, தாளம் அடுத்த வரிக்குப் போகும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்துவிடுவார். சில நேரம் வந்து சேரவும் மாட்டார். அந்தக் கடன் அடுத்த வரியில் தீரும். தாளத்தைத் தள்ளி எடுப்பது நம் சங்கீதத்திலும் உண்டு. ஆனால் அங்கே எடுப்பு ஓர் இடத்தில் நிலைபெற்றுவிடும். ஹாலிடேயிடம் அது வரிக்கு வரி மாறும், பேச்சைப்போல. தடுமாற்றம் என்று நினைத்தால் ஒரு சோதனை செய்யலாம்: மேசைமேல் விரலால் தாளம் தட்டிக்கொண்டே கேளுங்கள். அவர் எவ்வளவு தூரம் விலகினாலும் எங்கே இருக்கிறோம் என்பதை ஒருபோதும் தவறவிடுவதில்லை என்று விரல் சொல்லும்.

இந்தத் தாமதம் எதற்காக என்பதை ஒரு பாட்டை வைத்துச் சொல்கிறேன். ‘ஐ கெட் அலாங் வித்தவுட் யூ வெரி வெல்’ என்பது நான்காவது பாட்டு. இதற்கு ஒரு கதை உண்டு. இசையமைப்பாளர் ஹோகி கார்மைக்கேலின் கைக்கு, ‘லைஃப்’ என்ற நகைச்சுவைப் பத்திரிகையில் 1924இல் வந்த ஒரு கவிதை நண்பர் ஒருவர் வழியாகக் கிடைத்திருந்தது. எழுதியவர் பெயராக ‘ஜே. பி.’ என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே. பல ஆண்டுகள் கழித்து அதன் அடிப்படையில் பாட்டு எழுதியபோது, உரிமை வாங்குவதற்காக அந்தக் கவிஞரைத் தேட வேண்டியதாயிற்று. பத்திரிகையாளர் வால்டர் வின்செல் தன்னுடைய வானொலி நிகழ்ச்சியில் அறிவித்துத் தேடினார். பிலடெல்பியாவில் வசித்த ஜேன் பிரவுன் தாம்ஸன் என்ற கைம்பெண் அவர் என்று தெரிந்தது. 1939 ஜனவரி 19 அன்று நடிகரும் பாடகருமான டிக் பவல் இந்தப் பாட்டை வானொலியில் முதன்முதலாகப் பாடினார். ஜேன் அதற்கு முந்தைய நாள் இறந்துபோயிருந்தார். தன் சொற்கள் பாட்டாக ஒலித்ததை அவர் கேட்கவில்லை.

பாட்டில் பேசுகிறவர், ‘நீ இல்லாமலும் நான் நன்றாக இருக்கிறேன்’ என்று தொடங்குகிறார். தூறல் விழும்போது மட்டும், உன் பெயரை யாராவது சொல்லும்போது மட்டும், உன்னைப்போல் யாராவது சிரிக்கும்போது மட்டும் என்று ஒவ்வொன்றாக விதிவிலக்குகள் வருகின்றன. தமிழில் ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதற்கும் ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பதற்கும் உள்ள தூரம் நம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு ‘தான்’ சேர்ந்தவுடன் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்து, ‘என்ன ஆயிற்று?’ என்பார். ஆங்கிலத்தில் அப்படி ஒட்டிக்கொள்ளும் அசை கிடையாது. ஹாலிடே அதைக் காலத்தால் செய்கிறார். ‘வெரி வெல்’ என்ற இரண்டு சொற்கள் வர வேண்டிய நேரத்துக்குச் சற்றுப் பிந்தி, எடை குறைந்து வருகின்றன. சொல்லலாமா வேண்டாமா என்ற அந்தச் சிறு தயக்கத்திலேயே முழுப் பாட்டின் பொய்யும் வெளிப்பட்டுவிடுகிறது. இன்னும் விதிவிலக்கு எதுவும் வரவில்லை. அதற்குள் நமக்குத் தெரிந்துவிட்டது.

இளம் குரலில் இதே பாட்டை எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்கள். அவர்களிடம் விதிவிலக்குகள் வரும்போதுதான் துக்கம் வருகிறது. ஒவ்வொன்றும் ஒரு திருப்பம்போல் ஒலிக்கிறது. ஹாலிடே முதல் வரியிலேயே உண்மையைச் சொல்லிவிட்டதால், பிறகு வருபவற்றை அழுத்தவே வேண்டியதில்லை. ஒரு பட்டியலைப் படிப்பதுபோல் நிதானமாகக் கடந்து போகிறார். அந்த நிதானம்தான் என்னை வதைக்கிறது.

இப்போது முதல் பாட்டுக்குத் திரும்பலாம், நான் முதலில் பயந்து ஓடிய இடத்துக்கு. ‘ஐயாம் எ ஃபூல் டு வான்ட் யூ’ 1951இல் ஃபிராங்க் சினாட்ரா பதிவு செய்த பாட்டு. வரிகளில் அவருக்கும் பங்கு உண்டு. அந்தச் சினாட்ராதான் 1958இல் ‘எபனி’ பத்திரிகையில், தன்மீது மிகப்பெரிய இசைத் தாக்கம் செலுத்தியவர் பில்லி ஹாலிடேதான் என்று சொன்னார். ஹாலிடேயிடமிருந்து கற்றவர் ஒரு பாட்டை எழுத, கற்பித்தவரே அதை எடுத்துத் தன் ஆல்பத்தின் வாசலில் வைக்கிறார். பாட்டின் தலைப்பு வரி தொடக்கத்திலேயே இரண்டு முறை வருகிறது. ‘உன்னை விரும்பும் நான் ஒரு முட்டாள்.’ அதே சொற்கள், அடுத்தடுத்து. முதல்முறை அதைத் தனக்குத் தெரிந்த ஒரு தகவலாகச் சொல்கிறார். இரண்டாவது முறை குரலின் கரகரப்பை மறைக்க முயலாமல் முன்னால் விடுகிறார். ‘ஃபூல்’ என்ற சொல்லின் நெட்டுயிரில் குரல் உடைகிறது. அந்த உடைவை அவர் சரிசெய்யாமல் அதன்மேலேயே சாய்ந்து நிற்கிறார். பழுதை மறைக்க வேண்டிய இடம், காட்ட வேண்டிய இடம் என்று அவர் பிரித்துவைத்திருக்கிறார் என்பது திரும்பத் திரும்பக் கேட்டால் புலப்படும். கம்மிய குரல் எல்லா வரிகளிலும் ஒரே அளவில் கம்முவதில்லை.

இந்தப் பாட்டின் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது ஹாலிடேயின் கண்களில் கண்ணீர் இருந்தது என்று ரே எல்லிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதே எல்லிஸ் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: பதிவு முடிந்து எல்லாவற்றையும் போட்டுக் கேட்டபோது ஹாலிடேயின் பாட்டு தனக்குத் திருப்தி தரவில்லை, தான் அப்போது இசையை மட்டும் கேட்டேன், உணர்ச்சியைக் கேட்கவில்லை, சில வாரங்கள் கழித்து, கலவை முடிந்த பிரதியைக் கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய பாட்டு என்று தெரிந்தது. பயிற்சியுள்ள ஒருவரின் காதுக்கே சில வாரங்கள் தேவைப்பட்டன என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் ‘இசை’, ‘உணர்ச்சி’ என்று அவர் பிரித்த விதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. தாளத்துக்குள் சொல்லை வைக்கும் இடம் இசைதான். ஹாலிடேயின் உணர்ச்சி முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதைச் சரியாகப் பிடித்தவர் மைல்ஸ் டேவிஸ். 1958இல் ஜாஸ் விமர்சகர் நாட் ஹென்டாஃப் எடுத்த பேட்டியில், பழைய ஹாலிடேயைவிட இப்போதைய ஹாலிடேயைக் கேட்கவே தனக்கு விருப்பம், அவர் முதிர்ந்திருக்கிறார் என்றார். ஒரு பாட்டின் சொற்களை ஐந்து ஆண்டுகள் ஒவ்வோர் இரவும் பாடிக்கொண்டிருப்போம், திடீரென்று ஒருநாள் அதன் பொருள் விளங்கும் என்பது அவர் சொன்ன விளக்கம். டிரம்பெட் வாசிக்கும்போது சுரங்களை விடச் சுரங்களுக்கு இடையே உள்ள மௌனத்தைக் கவனித்தவர் சொன்ன சொல் அது.

வயலின்களைப் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. எல்லிஸின் இசைக்கோர்ப்பு சில இடங்களில் தேன் அதிகமான பாயசம்தான். பின்னணிப் பெண் குரல்கள் ‘ஊ’ என்று எழும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. ஹாலிடேயின் வரிக்கு எந்த அலங்காரமும் தேவைப்படாத இடத்தில் அவை வந்து நிற்கின்றன. (அந்தக் குரல்களில் ஒருவரான எலிஸ் பிரெட்டன், ஆல்பத்தின் இரண்டாவது பாட்டான ‘ஃபார் ஹெவன்ஸ் சேக்’கை எழுதியவர்களில் ஒருவர் என்பது தெரிந்த பிறகு எரிச்சல் கொஞ்சம் குறைந்தது.) ஆனால் வயலின்களை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சிறு குழுவோடு பாடியிருந்தால் குரலின் கரடுமுரடு அந்தச் சூழலில் இயல்பாகக் கரைந்திருக்கும். ஜாஸ் என்றாலே சற்றுக் கரடுதானே என்று காது சமாதானம் ஆகியிருக்கும். இழையோடும் வயலின்களின்மேல்தான் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. பாட்டில் சொல்லப்படும் காதல் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அதை ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கிறது. எப்படி ஆயிற்று என்பதை அவர் பாடுகிறார். ‘யூ’வ் சேஞ்ச்ட்’ பாட்டில் இது மிகத் தெளிவு. ‘நீ மாறிவிட்டாய்’ என்று அவர் சொல்லும்போது வயலின்கள் இன்னும் பழைய அன்போடு தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருக்கின்றன.

ஆல்பத்தைக் கேட்பதற்கு முன் ஒரு காணொளியைப் பார்த்துவிடுவது நல்லது. பதிவுக்கு இரண்டு மாதம் முன்பு, 1957 டிசம்பர் 8 அன்று, சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ நிகழ்ச்சியில் தன்னுடைய ‘ஃபைன் அண்ட் மெல்லோ’ பாட்டை ஹாலிடே பாடினார். அதில் அவர் பாடுவதைவிட, பாடாத நேரத்தில் அவருடைய முகத்தைப் பாருங்கள். லெஸ்டர் யங் எழுந்து ஒரு சிறு சாக்ஸபோன் தனி ஆவர்த்தனம் வாசிக்கிறார். ஹாலிடேக்கு ‘லேடி டே’ என்று பெயர் சூட்டியவர் அவர். அவருக்குப் ‘பிரெஸ்’ என்று பெயர் சூட்டியவர் இவர். மிகக் குறைந்த சுரங்கள், ஒவ்வொன்றும் நேரத்துக்குச் சற்றுப் பின்னால். ஹாலிடே உதட்டைச் சற்று மடித்து, புன்னகைத்து, ஒவ்வொரு சொற்றொடருக்கும் தலையசைக்கிறார். அடுத்தவர் எங்கே தாமதிக்கிறார், ஏன் தாமதிக்கிறார் என்று ஒரு துளியும் விடாமல் பின்தொடர்கிற முகம் அது. யங் 1959 மார்ச்சில் இறந்தார், ஹாலிடே அதே ஆண்டு ஜூலை 17 அன்று. ‘லேடி இன் சாட்டின்’ கேட்கும்போது வரிக்கு முன்னால் வரும் ஒவ்வொரு தாமதத்திலும் எனக்கு அந்தத் தலையசைப்பு நினைவுக்கு வருகிறது.

எல்லாப் பாட்டுகளும் ஒரே உயரத்தில் இல்லை. ‘வயலெட்ஸ் ஃபார் யுவர் ஃபர்ஸ்’ பாட்டின் மென்மையான காட்சிக்கும் அவருடைய குரலுக்கும் எனக்கு ஒட்டவில்லை. ‘ஐ’ல் பி அரவுண்ட்’ அதற்கு நேர்மாறு: காதலன் போன பிறகும் ‘நான் இங்கேதான் இருப்பேன்’ என்று சொல்லும் ஒருத்தியின் பெருந்தன்மையை அவர் தியாகமாக்காமல், எளிய வாக்குறுதியாகப் பாடுகிறார். நேரம் குறைவாக இருப்பவர்கள் இதையும், முதல் பாட்டையும், ‘யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்’ஸையும் கேட்டால் போதும். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள். இது பின்னணியில் ஓடவிடுவதற்கான இசைத்தட்டு இல்லை.

கடைசிப் பாட்டின் கதை தனி. ‘தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்’ அவருக்குச் சரியாகத் தெரியாத பாட்டு. ஆர்க்கெஸ்ட்ரா தன் பகுதியை வாசித்துப் பதிவு செய்துவிட்டது. அவர் பிறகு அந்த ஒலிநாடாவைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் தனியாகப் பாடினார். 1958 ஸ்டீரியோ இசைத்தட்டுகள் அமெரிக்கச் சந்தைக்கு வரத் தொடங்கிய ஆண்டு. மோனோ, ஸ்டீரியோ என்று இரண்டு வகையிலும் ஆல்பம் வெளிவந்தது. அவர் மேலெழுதிப் பாடியது மோனோவில் மட்டுமே இருந்ததால், அந்த நாளின் ஸ்டீரியோ பிரதியில் இந்தப் பாட்டு இல்லை. 11 பாட்டுகளோடு அது முடிந்துவிடும். 1997 மறுவெளியீட்டில் இதை ஸ்டீரியோவில் பொருத்தித் தந்ததோடு, அந்தப் பாட்டு உருவான விதத்தையும் ஏறத்தாழ பத்து நிமிட ஒலிக்கோவையாகச் சேர்த்தார்கள்.

அந்தப் பத்து நிமிடங்களைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஆர்க்கெஸ்ட்ரா இல்லாமல் அவருடைய குரல் மட்டும் அதில் வருகிறது. சாட்டின் இல்லை, ஹார்ப் இல்லை. காதல் முடிந்துபோன ஒருத்தி, தான் வேகமாக நடப்பதையும் தேவைக்கு மேல் சிரிப்பதையும் ஊரார் கவனிக்கிறார்கள் என்று சொல்லும் வரிகளை, இன்னும் முழுதாகப் பிடிபடாத மெட்டில், ஒரு பாடகி முயன்று பார்க்கிறார். நம் காதுக்கு எட்டாத தாளத்தை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வெறுமையிலும், தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்காமல் ஒரு கணம் பொறுத்திருந்து, பிறகுதான் முதல் சொல்லை எடுக்கிறார்.